வாசகர் கேள்வி – பதில்: வாரக் கணக்கில் வளரும் தைராய்டு கட்டி

தைராய்டு கேன்சர் என்றாலே "கேன்சரிலேயே சாதுவான கேன்சர்" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளுக்கு அது பெரும்பாலும் உண்மை. அனாபிளாஸ்டிக் என்ற வகைக்கு அது துளியும் பொருந்தாது. தைராய்டு கேன்சர் வந்த நூறு பேரில் ஒருவர், இருவருக்குத்தான் இந்த வகை இருக்கும். ஆனால் தைராய்டு கேன்சரால் நேரும் மரணங்களில் இதன் பங்கு அந்தக் கணக்கை விடப் பல மடங்கு பெரிது. இந்த இதழில் இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இருபது வருடமாகக் கழுத்தில் கழலை உண்டு. வலி இல்லை, தொந்தரவு இல்லை என்பதால் விட்டுவிட்டோம். கடந்த மூன்று வாரமாக அது வேகமாகப் பெரிதாகிறது. கழுத்துச் சங்கிலியின் கொக்கியை இரண்டு கண்ணி தள்ளி மாட்ட வேண்டியிருக்கிறது. குரலும் கம்மிவிட்டது. டி.எஸ்.எச். நார்மல். பெரிய டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

டி.எஸ்.எச். நார்மலாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சுரப்பி வேலை செய்கிறதா என்பதைத்தான் அந்த ரத்தப் பரிசோதனை சொல்லும். கட்டி எப்படிப்பட்டது என்று சொல்லாது. அனாபிளாஸ்டிக் கேன்சர் உள்ள பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். நார்மலாகத்தான் இருக்கும்.

அறுபது வயதைத் தாண்டியவர், பல வருடம் சும்மா கிடந்த கழலை, வாரக் கணக்கில் வளர்ச்சி, குரல் மாற்றம். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் முதலில் இந்தக் கேன்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இது ஆண்களை விடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. வேறு காரணங்களும் உண்டு. நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே இரவில் வலியோடு வீங்கும், பிறகு தானாக வற்றும். தைராய்டு அழற்சியில் காய்ச்சல் இருக்கும், தொட்டாலே வலிக்கும். தைராய்டில் வரும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் கேன்சரும் இதே வேகத்தில் வளரும். இவற்றில் எது என்பதைச் சில நாட்களுக்குள் பிரித்தறிந்தாக வேண்டும். ஒரு மாதம் என்பது இந்த நோயில் மிக நீண்ட காலம்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்திருந்து விழுங்கச் சொல்லுங்கள். சாதாரணக் கழலை விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். சுற்றியுள்ள தசையையும் மூச்சுக்குழாயையும் பற்றிக்கொண்ட கட்டி அசையாது. தொட்டால் கல் மாதிரி இருக்கும். அசைந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அசையவில்லை என்றால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

குரல் கம்முவதற்குக் காரணம், குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே ஓடுவது. கட்டி அந்த நரம்பைப் பற்றினால் ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றுவிடும். அப்போது இருமல்கூட வலுவில்லாமல் காற்றுப் போவது போலக் கேட்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். சோறு நெஞ்சுக்கு மேலே நிற்கிறது என்றால் உணவுக்குழாய் நெருக்கப்படுகிறது என்று பொருள். இவை போக கழுத்துப் பக்கத்தில் நெறி கட்டுவது, காது வரை ஏறும் வலி, சளியில் ரத்தம், ஒரு கண்ணிமை மட்டும் தாழ்வது ஆகியவையும் வரலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூச்சு. வளர்ந்தவர்களின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 15 முதல் 20 மி.மீ. அகலம் இருக்கும். அது 8 மி.மீ. அளவுக்குக் குறுகும் வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. மாடி ஏறினால் மட்டும் இளைக்கும். 5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இழுக்கையில் கீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தாலும், மல்லாந்து படுக்க முடியாமல் போனாலும், எச்சிலை விழுங்க முடியாமல் துப்பினாலும் அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டு, ஆபரேஷன் தியேட்டர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவோ, கேன்சர் மருத்துவமனையின் தலை–கழுத்துப் பிரிவோ ஏற்றது. சீட்டு எழுதும் இடத்திலேயே "மூன்று வாரத்தில் பெரிதாகியிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது" என்று சொல்லுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கொண்டுபோங்கள். அப்போது கட்டி எத்தனை செ.மீ. இருந்தது என்பது பெரிய தடயம். ஊசிப் பரிசோதனை, குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்ப்பது, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் மூன்றையும் ஒன்றிரண்டு நாளில் முடிக்கக் கேளுங்கள். சி.டி.க்கு மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும் என்றால் மேசையில் ஏற்றும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "அனாபிளாஸ்டிக் கார்சினோமாவாக இருக்கலாம்" என்று வந்துவிட்டது. ஆனாலும் மறுபடியும் சதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். குத்தக் குத்தக் கேன்சர் பரவும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

பதில்: எடுக்க விடுங்கள். இந்த நோய் பரவுவதற்கு ஊசி தேவையில்லை. கண்டுபிடிக்கும் நாளிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு நுரையீரலிலோ எலும்பிலோ பரவியிருக்கிறது. மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் தனித்தனி செல்கள்தான் கிடைக்கும். சற்றுத் தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியில் நூல் போலச் சதைத் துண்டு கிடைக்கும். அது வேண்டியிருப்பதற்கு மிக முக்கியமான காரணம் லிம்ஃபோமா. அதுவும் வயதானவர்களுக்கு, பெரும்பாலும் ஹஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு, இதே வேகத்தில் வரும். தனித்தனி செல்களாகப் பார்க்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் லிம்ஃபோமாவுக்குப் பெரிய அறுவையே வேண்டாம். கீமோவிலும் ரேடியேஷனிலும் கரைந்துவிடும், குணமாகிறவர்கள் நிறையப் பேர். இப்படி ஒரு நல்ல வாய்ப்பு இருக்கையில் அதைச் சரிபார்க்காமல் முடிவெடுப்பது பெரும் தவறு.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும். வீக்கம் குறையட்டும் என்று சதை எடுக்கும் முன்பே டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். லிம்ஃபோமாவாக இருந்தால் சில நாளில் கட்டி சுருங்கி, எடுத்த சதையில் ஒன்றும் தெரியாமல் போகும். மூச்சுத் திணறினால் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. திணறல் இல்லாதபோது முதலில் சதை, பிறகு ஸ்டீராய்டு.

இந்தக் கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகிச் செத்த சதை. அங்கே குத்தினால் "போதிய செல் இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதனால் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஓரத்திலிருந்து, இரண்டு மூன்று துண்டாக எடுப்பார்கள்.

சதை லேபுக்குப் போகும் அன்றைக்கே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "பிராஃப் வி600இ டெஸ்டும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களா?" கட்டியின் மரபணுவில் அந்த மாற்றம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் இன்று சிகிச்சையின் பாதையே பிரிகிறது. பயாப்சி ரிப்போர்ட் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று வரிசையாகச் செய்தால் இரண்டு வாரம் போய்விடும். சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையில் பிராஃப் முடிவு ஓரிரு நாளில் தெரியும். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பெரிய டெஸ்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதலாவதை உடனே செய்துவிட்டு, இரண்டாவதையும் அனுப்பிவைப்பதே சரி. சதை போதவில்லை என்றால் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.விலும் தேடலாம்.

வேறு மருத்துவமனைக்கு மாறுவதானால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மெழுகில் பதித்த சதைக் கட்டிக்கு பிளாக் என்று பெயர். அதையும் ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

கேள்வி: என் அக்காவுக்குப் பாப்பில்லரி கேன்சர் வந்து ரேடியோ அயோடின் குடித்து நன்றாக இருக்கிறார். என் மாமியாருக்கு வந்திருக்கும் அனாபிளாஸ்டிக்குக்கும் அதைக் கொடுக்கலாமே?
– வாசகி, ஈரோடு

பதில்: பயன் இல்லை. அயோடினை உள்ளே இழுத்துக்கொள்ளும் தைராய்டு செல்லின் இயல்பையே இந்தக் கேன்சர் செல்கள் இழந்துவிட்டன. குடித்த மருந்து கட்டிக்குள் போகவே போகாது. தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் இதே காரணத்தால் இந்த நோயைப் பின்தொடர உதவாது.

கேள்வி: ரிப்போர்ட்டில் "ஸ்டேஜ் 4பி" என்று இருக்கிறது. நான்காம் கட்டம் என்றால் ஆபரேஷன் செய்ய முடியாது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்த நோய்க்கு மட்டும் கணக்கு வேறு. அனாபிளாஸ்டிக் என்று பெயர் வைத்த கணமே அது நான்காம் கட்டம்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கிடையாது. கட்டி சுரப்பிக்குள்ளேயே இருந்து நெறியும் கட்டாமல் இருந்தால் 4ஏ. சுரப்பியை விட்டு வெளியே போயிருந்தாலோ நெறி கட்டியிருந்தாலோ 4பி. நுரையீரல், எலும்பு, மூளை என்று தூரத்துக்குப் போயிருந்தால் 4சி. அந்தக் கடைசி எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

4ஏ-விலும், 4பி-யில் சிலருக்கும் அறுவை செய்யலாம். கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் எடுத்துவிட்டு, புண் ஆறியதும் இரண்டு மூன்று வாரத்தில், அதிகம் போனால் ஆறு வாரத்துக்குள் ரேடியேஷனைத் தொடங்க வேண்டும். முடியாது என்றால், பாதியை மட்டும் வெட்டி எடுப்பதில் லாபமில்லை. மிச்சம் மறுபடி வளர்கிறது, புண் ஆறாமல் மற்ற சிகிச்சையும் தள்ளிப்போகிறது. குரல்வளையையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையை இந்த நோயில் பொதுவாகச் செய்வதில்லை.

தைராய்டு முழுவதையும் எடுத்த பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வந்தால் கால்சியம் குறைந்திருக்கிறது. உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 4பி. பிராஃப் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மாத்திரை தருகிறார்கள். கேன்சருக்கு மாத்திரை போதுமா? வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: இது இந்த நோயில் கிடைக்கக்கூடிய நல்ல செய்தி. நூற்றில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 மே மாதம் அங்கீகரித்தது. 36 பேரிடம் நடந்த ஆய்வில் 56 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஆயுளின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 14.5 மாதம். பழைய சிகிச்சைகளில் அது ஐந்து மாதத்தை ஒட்டியே இருந்தது. சிலருக்குச் சில நாளிலேயே மூச்சு இலகுவாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

டாப்ராஃபெனிப் 75 மி.கி. கேப்சூல், ஒரு வேளைக்கு இரண்டு, 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. ட்ராமெட்டினிப் 2 மி.கி. மாத்திரை, நாளுக்கு ஒன்று. காலையோ மாலையோ, தினமும் ஒரே நேரத்தில். இரண்டும் வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. காபி, பால் குடித்த கையோடு போடக் கூடாது. கேப்சூலைத் திறந்து தூளைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ட்ராமெட்டினிப்பை அது வந்த டப்பாவிலேயே ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. மாத்திரை டப்பாவில் கிழமைவாரியாகப் பிரித்துப் போடும் பழக்கம் இதற்கு ஆகாது, ஈரம் பட்டுக் கெடும். டாப்ராஃபெனிப் மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம்; இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

பெரும்பாலோரைத் தடுமாற வைப்பது காய்ச்சல். முதல் சில வாரத்தில் குளிர் நடுக்கத்தோடு வரும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள்; அல்லது "கேன்சர் மருந்தாயிற்றே" என்று காய்ச்சலோடு தொடர்வார்கள். இரண்டும் தவறு. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் இரண்டு மருந்தையும் நிறுத்தி, பாராசிட்டமால் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனதும், டாக்டர் சொன்னபடி மறுபடி தொடங்கலாம். தொற்றுக் காய்ச்சலும் இதே மாதிரி வரும் என்பதால், டாக்டரிடம் சொல்லாமல் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடக் கூடாது.

தொடங்கும் முன்பு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு மாதம் கழித்தும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எடுக்க வேண்டும், இதயத்தின் பம்பிங் குறையலாம். பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டர். சர்க்கரை நோய் இருந்தால் அளவு ஏறும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினும், டி.பி.க்கான ரிஃபாம்பிசினும் இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் பலருக்கும் சில மாதத்தில் கட்டி வேறு வழி கண்டுபிடித்து மறுபடி வளர்கிறது. அதனால் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கும் நேரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து, "இப்போது எடுத்துவிட முடியுமா?" என்று சர்ஜனைக் கேட்பது அவசியம். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையம் 2020-ல் வெளியிட்ட கணக்கில், இப்படி முதலில் மாத்திரை, பிறகு அறுவை என்று போன 20 பேரில் ஒரு வருடம் கடந்தவர்கள் 94 சதவீதம். சிறிய குழு, மாத்திரை நன்றாகக் கேட்டவர்கள் மட்டும் அடங்கிய குழு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முதல் நாளில் "ஆபரேஷன் முடியாது" என்று சொன்னது இரண்டு மாதம் கழித்தும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விலை மிக அதிகம். எழுதித் தரும் நாளிலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா என்று கேளுங்கள். நடுவில் பணமில்லாமல் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கட்டி மளமளவென்று திரும்பும்.

கேள்வி: எங்களுக்குப் பிராஃப் நெகட்டிவ். அப்படியானால் கரண்ட் வைப்பது மட்டும்தான் வழியா? எத்தனை நாள்?
– வாசகர், கடலூர்

பதில்: முக்கியமான வழி அதுதான், கூடவே கீமோ. உடல் தெம்பாக இருந்து, தூரத்துக்குப் பரவாமல் இருந்தால் முழு அளவு ரேடியேஷன் கொடுப்பார்கள். உதாரணமாக 66 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 33 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறரை வாரம். அதோடு வாரம் ஒரு முறை பேக்ளிடாக்ஸெல் போன்ற மருந்து. தெம்பு குறைவு, பரவிவிட்டது என்றால் 5 தடவையில் 20 கிரே அல்லது 10 தடவையில் 30 கிரே என்று சுருக்கமாக, மூச்சும் விழுங்குவதும் இலகுவாவதற்காக மட்டும் கொடுப்பார்கள். எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் முகத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்து ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தில் படிய வைப்பார்கள்; சில நிமிடத்தில் இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். மூச்சுக்குச் சிரமப்படுகிறவர்களுக்கு இதுவே பெரிய பயம். முன்கூட்டியே சொன்னால் தலையைச் சற்று உயர்த்தி அமைக்க வழி உண்டா என்று பார்ப்பார்கள். சொத்தைப் பல் இருந்தால் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து தொண்டை புண்ணாகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளிக்கலாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். "புண் ஆறட்டும், ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போகலாம்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை வேகமாகப் பெருகும் கட்டிக்கு அந்த ஒரு வாரம் பரிசு கொடுத்த மாதிரி.

பெரிய மரபணு டெஸ்டில் என்.டி.ஆர்.கே., ரெட், ஆல்க் என்ற மாற்றங்களில் ஏதாவது இருந்தால் அவற்றுக்குத் தனி மாத்திரை உண்டு. அரிதுதான், ஆனால் தேடினால்தான் கிடைக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மேல் ஏவும் இம்யூனோதெரபி சிலருக்கு உதவுகிறது: ஸ்பார்டாலிசுமாப் மருந்தை 42 பேருக்குக் கொடுத்ததில் 19 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. சதையில் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவு அதிகமாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் லென்வாட்டினிப் மருந்தைக் கொடுப்பதானால், கட்டி பெரிய ரத்தக் குழாயையோ மூச்சுக்குழாயையோ அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். அரித்த இடத்தில் கட்டி சுருங்கும்போது ஓட்டை விழும், ரத்தம் கொட்டும்.

கேள்வி: மூச்சு முட்டும் முன்பே கழுத்தில் ஓட்டை போட்டுவிடலாம் என்று ஒரு டாக்டரும், இப்போது வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். போட்டால் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. மூச்சு நன்றாக இருக்கும்போது முன்னெச்சரிக்கையாக ட்ரக்கியாஸ்டமி செய்வதை இப்போது பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். கட்டியைத் துளைத்துக்கொண்டு போடும் ஓட்டை ஆறாது, சளி, ரத்தக் கசிவு, குரல் இழப்பு எல்லாம் சேரும், ரேடியேஷனும் தள்ளிப்போகும். ஆனால் இழுப்புச் சத்தம் வந்துவிட்டது, குறுகிக்கொண்டே போகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. நள்ளிரவில் நீலம் பாரித்த பிறகு வார்டில் வைத்துச் செய்வது இந்த நோயில் மிகக் கடினம். கையால் தொட்டு மூச்சுக்குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பகலில், தியேட்டரில், மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்கச் செய்வதே முறை.

போட்ட பிறகு வீட்டுக்கு அனுப்பும் முன்பு, குறைந்தது இரண்டு பேர் கையால் செய்து பழகுங்கள். குழாய்க்குள் ஒரு உள்குழாய் இருக்கும். ஒரு கையால் வெளிக்குழாயின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்குழாயை மட்டும் திருகி வெளியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் உதறி மறுபடி போட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை. சளி அதிகமானால் இன்னும் அடிக்கடி. சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயை உறிஞ்சாமல் உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது.

மூக்கு வழியாகப் போகும்போது காற்று நனைந்து போகும். இப்போது வறண்ட காற்று நேராக உள்ளே போவதால் சளி பசை மாதிரி கெட்டியாகி அடைக்கும். அதனால் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை ஓட்டைக்கு முன்னால் தொங்கவிட்டு, காயக் காய நனையுங்கள். கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். அடுப்புப் புகை, சாம்பிராணி, பவுடர் பக்கத்தில் வேண்டாம். குளிப்பது தோளுக்குக் கீழே.

திடீரென்று மூச்சுத் திணறினால் முதலில் செய்ய வேண்டியது உள்குழாயைக் கழற்றுவது. பெரும்பாலும் அடைப்பு அதற்குள்தான் இருக்கும். கழற்றியதும் மூச்சு வரும். வரவில்லை என்றால் சக்ஷன். அதற்கும் மசியவில்லை, அல்லது குழாயே வெளியே வந்துவிட்டது என்றால் 108. அதே அளவில் ஒன்றும், ஒரு சைஸ் சிறியது ஒன்றுமாக இரண்டு புதுக் குழாய்கள் எப்போதும் கட்டில் தலைமாட்டில் இருக்கட்டும். உலோகக் குழாய் போட்டிருந்தால், ரேடியேஷன் தொடங்கும் முன்பு பிளாஸ்டிக்குக்கு மாற்றச் சொல்வார்கள். உலோகம் கதிரைச் சிதறடித்துப் பக்கத்துத் தோலைப் புண்ணாக்கும்.

கேள்வி: தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, இட்லி மட்டும் இறங்குகிறது. ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: குரல்நாண் சரியாக மூடாததால் தண்ணீர் போன்ற மெல்லியது வழுக்கி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. கூழ் பதத்தில் கொடுங்கள்: ராகிக் கூழ், குழைந்த பருப்பு சாதம், கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம். நேராக உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்ன வாயாக விழுங்கட்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் சாயக் கூடாது. இட்லியும் இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபுக்கோ வயிற்றில் நேராக வைக்கும் குழாய்க்கோ தயங்காதீர்கள். ரேடியேஷன் தொடங்கும் முன்பே வைத்துவிட்டால் நல்லது. சாப்பிட்டது ட்ரக்கியாஸ்டமி ஓட்டை வழியாக வெளியே வந்தால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே துளை விழுந்திருக்கிறது. வாய்வழி எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பாட்டிக்கு இந்தக் கேன்சர் வந்து இறந்தார். எனக்குச் சின்னக் கட்டி இருக்கிறது. எடுத்துவிடவா?
– வாசகி, கோவை

பதில்: அனாபிளாஸ்டிக் கேன்சர் பரம்பரையாக வருவதில்லை, குடும்பத்தில் வரக்கூடியது மெடுல்லரி என்ற வேறு வகை. தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சரே அல்ல. அல்ட்ராசவுண்ட் எடுத்து, தேவை என்று டாக்டர் சொன்னால் ஊசிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாப்பில்லரி என்று கண்டுபிடித்த கட்டியை வருடக் கணக்கில் கவனிக்காமல் விடுவதுதான் தவறு. அனாபிளாஸ்டிக் பெரும்பாலும் அப்படிப்பட்ட பழைய கட்டியிலிருந்தே கிளம்புகிறது.

கேள்வி: அப்பாவுக்கு 4சி, 74 வயது. எத்தனை மாதம் என்று டாக்டரைக் கேட்கவே பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. சொல்லாமலே பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: பழைய கணக்குப்படி கண்டுபிடித்ததிலிருந்து நடுமதிப்பு ஐந்து மாதம், ஒரு வருடம் கடந்தவர் ஐந்தில் ஒருவர். மேலே சொன்ன எம்.டி. ஆண்டர்சன் கணக்கில் எல்லா நோயாளிகளையும் சேர்த்து ஒரு வருடம் கடந்தவர்கள் 2000–2013 காலத்தில் 35 சதவீதம். 2017–2019-ல் 59 சதவீதம். எழுபதைத் தாண்டி, தூரத்துக்குப் பரவிய நிலையில் நாட்கள் குறைவாகவே இருக்கும். டாக்டரிடம் மாதக் கணக்கைக் கேட்கத் தயங்கினால் இப்படிக் கேளுங்கள்: "இந்தச் சிகிச்சை அப்பாவுக்கு எதைத் தரும்? எதை எடுத்துக்கொள்ளும்?"

அப்பாவிடம் சொல்லுங்கள். இந்த நோய்க்குக் குரலைப் பறிக்கும் குணம் உண்டு. ட்ரக்கியாஸ்டமிக்குப் பிறகு அவரால் பேச முடியாமல் போகலாம். பேங்க் கையெழுத்து, பத்திரம், யாரைப் பார்க்க ஆசை, கடைசியில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் அவர் தன் வாயால் சொல்ல இன்னும் வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் சொன்னதை முழுசா தெரிஞ்சுக்கணுமாப்பா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை அவரே சொல்வார்.

சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வலித்தணிப்புப் பிரிவை முதல் வாரத்திலேயே பாருங்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும் வரை காத்திராமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறலின் தவிப்பையும் அது தணிக்கும். கூடவே மலமிளக்கி கட்டாயம், இல்லையென்றால் மலச்சிக்கலே பெரிய வேதனையாகிவிடும். கட்டி ரத்தக் குழாயை அரித்திருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால், ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்; அடர்நிறத் துண்டுகள் நாலைந்து கட்டிலருகே இருக்கட்டும், வெள்ளைத் துண்டில் ரத்தம் பார்த்தால் நோயாளி கூடுதலாகப் பதறுவார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலித்தணிப்பு நர்ஸ் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்து, அந்த நர்ஸின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.